இனிப்பு தங்குகிறதா, விலகுகிறதா? பெல்ஜிய ஆம்பர் பீரை மதிப்பிட ஒரு தொடக்கப் பாடம்

பெல்ஜியத்தின் செறிந்த ஆம்பர் பீரை முதல் முறை குடிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு சொற்களில் முடித்துவிடுவார்கள்: "இனிக்கிறது", "ஏறுகிறது". இரண்டும் உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது, நல்ல டிகிரி காபியைக் குடித்துவிட்டுச் சூடாக இருந்தது என்று மட்டும் சொல்வதைப் போன்றது. அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது, விழுங்கிய பிறகு எங்கே போனது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்கத் தொடங்கினாலே மதிப்பீட்டில் பாதி வேலை முடிந்துவிடும்.

பாடத்துக்கு ஒரு பாட்டிலை எடுத்துக்கொள்வோம்: க்வாக். கிழக்கு ஃபிளாண்டர்ஸ் மாகாணத்தில் பக்கன்ஹவுட் என்ற சிற்றூரில், 1791-இல் தொடங்கிய போஸ்டேல்ஸ் குடும்பத்து ஆலையில் காய்ச்சும் பீர் இது. 2016-இல் ஏபி இன்பெவ் என்ற பெரு நிறுவனம் அந்த ஆலையை வாங்கிவிட்டது. ஆல்கஹால் 8.4 சதவீதம். இதைவிட நுட்பமான பீர்கள் பெல்ஜியத்தில் எத்தனையோ உண்டு. புதியவருக்கு இதைப் பரிந்துரைக்கக் காரணம், இதன் சுவைகள் ஒளிவுமறைவில்லாமல் வெளியே தெரியும் என்பதுதான். தேடிக் களைத்துப்போக வேண்டியதில்லை.

ஆம்பர் என்பது நிறத்தின் பெயர். பால் விடாத தேநீரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரிகிறதே, அந்தச் செம்பொன் நிறம். இந்த பீர் ஏல் வகையைச் சேர்ந்தது. ஏல் என்பது புளிக்கவைக்கும் முறையின் பெயர். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பீர்களில் பெரும்பாலானவை லாகர் வகை. அவற்றைக் குளிர்ச்சியில், 10 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், நிதானமாகப் புளிக்கவைப்பார்கள். ஏல் 20 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில் புளிக்கிறது. அந்த வெப்பத்தில் ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுவதோடு நிற்காமல், பழ வாசனைகளையும் மசாலா வாசனைகளையும் கூடவே உண்டாக்கிவிடுகிறது. பெல்ஜிய ஈஸ்ட்கள் இந்த விஷயத்தில் பெயர்போனவை.

இவ்வளவு செறிந்த பீர்கள் அங்கே பெருகியதற்கு ஒரு சட்டமும் காரணம். 1919-இல் எமில் வான்டர்வெல்டே என்ற சோஷலிஸ்ட் அமைச்சர் கொண்டுவந்த சட்டம், ஜெனீவர் போன்ற காய்ச்சி வடித்த மதுவகைகளைக் குடிப்பகங்களில் ஊற்றிக் கொடுப்பதைத் தடை செய்தது. பீரைத் தடை செய்யவில்லை. குடிப்பவர்கள் சும்மா இருப்பார்களா? ஆலைக்காரர்கள்தான் சும்மா இருப்பார்களா? 12 சதவீத ஆல்கஹால் கொண்ட புஷ் என்ற ஆம்பர் பீர் 1933-இல் வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனிப்பு வரும் வழி

பீரின் முதல் பொருள் பார்லி. அதை நனைத்து முளைகட்டி, காயவைத்து, சூடேற்றினால் மால்ட். முளைகட்டிய கேழ்வரகைக் காயவைத்து வறுத்து அரைக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. எவ்வளவு சூடேற்றுகிறோமோ அவ்வளவுக்கு நிறமும் மணமும் மாறும். தோசையின் ஓரம் முறுகிச் சிவக்கும்போது நடக்கும் அதே வேதிவினைதான் இங்கும். 1912-இல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மையாரின் பெயரால் அது அறியப்படுகிறது. ரொட்டியின் மேலோடு, பிஸ்கட், வறுத்த முந்திரி, கேரமல் என்று ஆம்பர் பீரில் கிடைக்கும் மணங்களில் பெரும்பகுதி இந்த வழியாக வருகிறது.

இரண்டாவது, சர்க்கரை. பெல்ஜியர்கள் காண்டி சர்க்கரை என்பார்கள். நம் கற்கண்டுக்கு உறவுக்காரச் சொல். சர்க்கரையைக் கொட்டினால் பீர் இனிக்கத்தானே செய்யும் என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். மால்ட்டிலிருந்து வரும் சர்க்கரைகளில் ஒரு பங்கை ஈஸ்ட்டால் உண்ண முடியாது. அந்தப் பங்குதான் பீரில் தங்கி அதற்குக் கனத்தையும் இனிப்பையும் தருகிறது. காண்டி சர்க்கரையையோ ஈஸ்ட் மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்துவிடும். விளைவு: ஆல்கஹால் ஏறும், கனம் ஏறாது. எட்டு சதவீதத்தை முழுக்க மால்ட்டாலேயே எட்டினால் கூழ் குடிப்பதுபோல் இருக்கும். சர்க்கரை கலந்து எட்டினால் பீர் இலகுவாக இறங்கும்.

கணக்கில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு சிறு உதாரணம். தண்ணீரின் அடர்த்தி 1.000 என்றால், புளிப்பதற்கு முன் கரைசலின் அடர்த்தி 1.080 என்றும், புளித்து முடிந்ததும் 1.016 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசமான 0.064-ஐ 131.25 என்ற மாறிலியால் பெருக்கினால் 8.4 சதவீத ஆல்கஹால். முடிவில் மிஞ்சிய அந்த 16 புள்ளிகள்தான் நாக்குக்குத் தெரியும் கனம். அதே 8.4 சதவீதத்தை 1.090-இல் தொடங்கி 1.026-இல் முடித்தும் எட்டலாம். லேபிளில் இரண்டுக்கும் ஒரே எண்தான் இருக்கும், வாயில் இரண்டும் வேறு வேறு பீர்.

மூன்றாவது, ஈஸ்ட். அது உண்டாக்கும் எஸ்டர்கள் என்ற வாசனைப் பொருள்களில் ஒன்று ஐசோஅமைல் அசிடேட். பழுத்த வாழைப்பழத்தின் வாசனையே அதுதான். ஃபீனால்கள் என்ற இன்னொரு வகைப் பொருள்களில் ஒன்று தருவது கிராம்பு வாசனை. இவற்றை யாரும் பீரில் போடவில்லை, ஈஸ்ட் தன் போக்கில் தருகிறது.

பீருக்குக் கசப்பு தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்கள். அந்தக் கசப்பு இந்த வகையில் பின்வரிசைக்காரர். ஆனால் அவர் வராவிட்டால் கச்சேரி கெட்டுப்போகும்.

கோப்பை

க்வாக்கின் கோப்பை அதன் பீரைவிடப் பிரபலம். அடியில் உருண்டை, நடுவில் நீண்ட ஒடுங்கிய கழுத்து, மேலே விரிந்த வாய். தானாக நிற்காது. மரத்தாலான ஒரு தாங்கியில் மாட்டித் தருவார்கள். நெப்போலியன் காலத்தில் டென்டர்மொண்டே என்ற ஊரில் பௌவெல் க்வாக் என்ற சத்திரக்காரர் இருந்தார், வண்டியை விட்டு இறங்க அனுமதி இல்லாத வண்டியோட்டிகளுக்காக வண்டியிலேயே மாட்டிவைக்கும்படி இந்தக் கோப்பையைச் செய்தார் என்று ஆலைக்காரர்கள் கதை சொல்கிறார்கள். கதை அழகாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். கென்ட் நகரின் டல்லே க்ரீட் என்ற குடிப்பகத்தில் இதே வடிவத்தில் ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் கோப்பை உண்டு. அதைக் கேட்டால் ஒரு கால் செருப்பைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். செருப்பு ஒரு கூடையில் உத்தரத்துக்கு ஏறிவிடும், கோப்பையைத் திருப்பித் தந்தால்தான் இறங்கும்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை இந்தக் கோப்பையில் குடித்தபோது கடைசி மிடறுக்காகச் சற்று அதிகமாகச் சாய்த்தேன். அடி உருண்டைக்குள் காற்று சட்டென்று புகுந்ததும் மிச்சமிருந்த பீர் மொத்தமாகக் கழுத்து வழியே பாய்ந்து வந்து மூக்கிலும் சட்டையிலும் அடித்தது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் இதைத் தினமும் பார்க்கிறவர் போலிருக்கிறது.

வேடிக்கைக்கு அந்தக் கோப்பை, மதிப்பீட்டுக்கு வேறு கோப்பை என்பது என் கட்சி. வயிறு அகன்று வாய் குறுகிய டியூலிப் கோப்பை சிறந்தது, சாதாரண ஒயின் கோப்பையும் போதும். வாசனை உள்ளே தேங்கும், மூக்கை நுழைக்க இடமும் இருக்கும். எந்தக் கோப்பையானாலும் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ ஒட்டியிருக்கக் கூடாது. இரண்டும் நுரைக்கு எமன். ஊற்றியபின் கோப்பையின் உட்சுவரில் குமிழிகள் அம்மை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டு நின்றால் சரியாகக் கழுவவில்லை என்று பொருள். பெல்ஜியக் குடிப்பகங்களில் ஊற்றுவதற்கு முன் கோப்பையைக் குளிர்ந்த நீரில் ஒரு முறை அலசுவதைப் பார்க்கலாம்.

ஒரு பாட்டில், நாற்பது நிமிடம்

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் பாட்டில் 4 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரில் நாக்கு மரத்துப்போகும், வாசனையும் மேலே எழாது. கொளுத்தும் வெயிலில் லாகரை அப்படிக் குடிப்பது நியாயம். இந்த வகைக்கு 8 முதல் 12 டிகிரி பொருத்தம். ஆனால் புதியவர்களுக்கு நான் சொல்வது: குளிரோடே தொடங்குங்கள், குறிப்பெடுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி குறிப்பெடுங்கள். ஒரே பாட்டிலில் இரண்டு பீர் கிடைக்கும்.

கோப்பையைச் சாய்த்துப் பிடித்து ஊற்றத் தொடங்கி, பாதி ஆனதும் நிமிர்த்தி, நடுவில் விழும்படி ஊற்றுங்கள். இரண்டு விரல் உயரத்துக்கு நுரை வர வேண்டும். பாட்டிலிலேயே மறுபடி புளிக்கவைத்த பீராக இருந்தால் அடியில் ஈஸ்ட் மண்டி படிந்திருக்கும், அதைக் கலக்காமல் கடைசி ஒரு விரற்கடையைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். மண்டியைக் குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பீர் கலங்கி, மாவு வாடை வந்துவிடும்.

கண்ணுக்கு உரிய வேலை ஒரு நிமிடம்தான். நிறம் செம்பொன்னா, பழுப்பை நோக்கிப் போகிறதா? தெளிவாக இருக்கிறதா? நுரை வெண்மையா, தந்த நிறமா? குடிக்கக் குடிக்க அது கண்ணாடியில் வலை பின்னியதுபோல் ஒட்டுகிறதா? ஆல்கஹால் அதிகமான பீரில் நுரை நிலைப்பது கடினம், எனவே நிலைத்தால் பாராட்டலாம்.

மூக்குக்குத்தான் அதிக நேரம் தர வேண்டும். முதல் மோப்பம் நுரை அடங்குவதற்குள். மெல்லச் சுழற்றி இரண்டாவது. நீளமாக இழுக்காமல், நாய் மோப்பம் பிடிப்பதுபோல் சின்னச் சின்னதாக மூன்று நான்கு. க்வாக்கில் குளிர்ந்த நிலையில் எனக்குக் கேரமலும் லேசான மசாலாவும் மட்டும் கிடைக்கும். கால் மணி கழித்து வாழைப்பழம் எழும்பி வரும். பச்சையாக உரித்த பழம் மாதிரி இருக்காது, சர்க்கரைப் பாகில் புரட்டிய பழம் மாதிரி. அதன் பின்னால் அதிமதுரத்தின் சாயல்.

குறிப்பெடுக்கும்போது வெளிநாட்டுப் பட்டியல்களில் உள்ள பழப் பெயர்களைத் தேட வேண்டாம். வாழ்நாளில் முகர்ந்திராத பழத்தின் பெயரை எழுதுவதால் என்ன பயன்? கருப்பட்டி, பேரீச்சை, உலர்திராட்சை, கிராம்பு, வறுத்த எள் என்று உங்கள் அடுக்களையில் உள்ளதையே எழுதுங்கள். சுவைச் சொற்களிலும் தமிழ் நமக்கு வசதி செய்து வைத்திருக்கிறது. கசப்பையும் துவர்ப்பையும் குழப்பிக்கொள்ளும் புதிய சுவைஞர்கள் உலகமெங்கும் உண்டு. ஆறு சுவையைச் சொல்லியே வளர்ந்த நமக்கு அந்தக் குழப்பம் வரக் கூடாது. பாகற்காய் கசப்பு, வாழைப்பூ துவர்ப்பு. பீரில் கசப்பு ஹாப்ஸிலிருந்து வருவது. துவர்ப்பு தெரிந்தால் தானிய உமியை அதிகம் ஊறவிட்டார்களோ என்று சந்தேகப்படலாம்.

இப்போது ஒரு மிடறு. வாய் முழுதும் பரவவிட்டு விழுங்குங்கள். நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளியில் படித்த நாக்கு வரைபடத்தை மறந்துவிடலாம். எல்லாச் சுவைகளும் நாக்கின் எல்லாப் பகுதிகளிலும் தெரியும். ஒயின் மதிப்பிடுபவர்கள் துப்புவார்கள். பீர் மதிப்பிடுபவர்கள் விழுங்குவதே வழக்கம், ஏனெனில் பீரின் கதையில் முக்கால்வாசி விழுங்கிய பிறகுதான் நடக்கிறது. விழுங்கியதும் வாயை மூடியபடி மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். வாய்க்குள்ளிருந்து மூக்குக்கு ஏறும் அந்த மணம் கோப்பையில் முகர்ந்ததைவிட முழுமையாக இருக்கும்.

பிறகு எதுவும் செய்யாமல் இருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இந்தப் பத்து எண்ணிக்கைக்குள்தான் செறிந்த ஆம்பர் பீரின் தரம் தெரியும். வாயில் நுழைந்தபோது பாகுபோல் இனித்த பீர், மூன்று நான்கு எண்ணுவதற்குள் இனிப்பை இழுத்துக்கொண்டு விலகி, மெல்லிய கசப்பையும் நெஞ்சில் ஓர் இதமான சூட்டையும் விட்டுச் செல்ல வேண்டும். அடுத்த மிடறுக்குக் கை தானாகப் போகும். இனிப்பு விலகாமல் உதட்டிலும் பல்லிலும் பிசுபிசுத்தால் ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை என்றோ, சுவையைச் சமன்செய்யும் கசப்பு போதவில்லை என்றோ கொள்ளலாம். சூட்டுக்குப் பதில் தொண்டை கமறினால், நகச்சாயத்தை அழிக்கும் திரவத்தின் நெடி வந்தால், புளிக்கவைத்த வெப்பம் எல்லை மீறிவிட்டது. சூடு வேறு, கமறல் வேறு. ஆல்கஹால் எவ்வளவு என்பதைக் காட்டிலும் அது எப்படி வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டிய இடம் இது.

அளவையும் சொல்லிவிட வேண்டும். 330 மில்லி க்வாக்கில் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 27.7 மில்லி. அதே அளவு 5 சதவீத லாகரில் 16.5 மில்லி. இனிப்பும் பழ வாசனையும் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடும். ஒரு பாட்டிலுக்கு நாற்பது நிமிடம் என்று நான் சொல்வதில் பாதி காரணம் இதுதான்.

குறைகள், குழப்பங்கள்

இந்த வகையில் புதியவர்களை ஏமாற்றும் குறை ஒன்று உண்டு: டயசெட்டில். புளிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கி, பிறகு அதுவே உறிஞ்சிக்கொள்ள வேண்டிய பொருள். அவசரப்பட்டு பீரை வடித்துவிட்டால் அது தங்கிவிடும், வெண்ணெய் வாசனை வரும். மால்ட்டின் கேரமல் வாசனையோடு சேர்ந்தால் பட்டர்ஸ்காட்ச் மிட்டாய்போல் மணக்கும், சிலர் அதைச் சிறப்பு என்றே எழுதிவிடுவார்கள். பிரித்தறிய நாக்கின் மேற்பரப்பைக் கவனியுங்கள். கேரமல் என்றால் நாக்கில் எதுவும் படியாது. டயசெட்டில் கூடுதலாக இருந்தால் நெய்ச் சோறு தின்றபின் ஏற்படும் வழவழப்பு இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு அடுத்த மிடறு எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் காற்றுப்பட்டுப் பழசான பீர். ஆனால் செறிந்த பீர் பழசாகும்போது அதே ஆக்சிஜன் ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின், உலர்திராட்சை போன்ற இனிய மணங்களையும் தரும், அவற்றைக் குறையாகக் கணக்கிடக் கூடாது. வெளிச்சம் பட்ட பீரின் நாற்றம் வேறு ரகம். ஹாப்ஸின் பொருள்கள் ஒளியில் சிதைந்து கந்தகச் சேர்மமாக மாறும். ஒரு சிறிய குடிப்பகத்தில், வெயில் விழும் ஜன்னல் மாடத்தில் அழகுக்காக அடுக்கியிருந்த வரிசையிலிருந்து எனக்கு ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்கள். எரிந்த ரப்பரும் அழுகிய வெங்காயமும் சேர்ந்த நெடி. பழுப்புக் கண்ணாடி பெரும்பாலான ஒளியைத் தடுக்கும், பச்சைக் கண்ணாடிக்கு அந்தச் சமர்த்து இல்லை.

மதிப்பெண்

பீர் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் பி.ஜே.சி.பி. என்ற அமெரிக்க அமைப்பின் தாளில் மொத்தம் 50 மதிப்பெண்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் தரும் உணர்வுக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. வேடிக்கை என்னவென்றால், அந்த அமைப்பின் வகைப் பட்டியலில் பெல்ஜியத்தின் செறிந்த பொன்னிற ஏலுக்கு இடம் உண்டு, செறிந்த கருநிற ஏலுக்கும் உண்டு, நடுவில் நிற்கும் செறிந்த ஆம்பருக்குத் தனி அறை இல்லை. போட்டிக்கு அனுப்புபவருக்கு அது தலைவலி. வீட்டில் சுவைப்பவருக்கு நல்லதே. இன்ன வகைக்கு இன்னது இருக்க வேண்டும் என்ற மனப்பாடம் உதவாது, கோப்பையில் இருப்பதைத்தான் பார்த்தாக வேண்டும்.

கடைசியாகக் குடித்த க்வாக்குக்கு நான் போட்டது: மணம் 9, தோற்றம் 3, சுவை 14, வாயுணர்வு 4, ஒட்டுமொத்தம் 7. ஆக 37. சுவையில் ஆறு மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம், பத்து எண்ணும்போது ஆறு, ஏழு வரைக்கும் இனிப்பு விடைபெறாமல் நின்றதுதான். உங்கள் தாளில் அது 40 ஆகலாம். இனிப்பைப் பொறுத்துக்கொள்பவர் நீங்கள் என்று அதற்கு அர்த்தம், அவ்வளவுதான்.

ஒரே பீரை மதிப்பிடுவதைவிட இரண்டை அருகருகே வைப்பது விரைவில் கற்றுத்தரும். நண்பரோடு பகிர்ந்து, ஆளுக்கு அரைக் கோப்பை போதும். ஒரு பக்கத்துக்கு புஷ் ஆம்பர். பெல்ஜியத்தின் வாலோனியா பகுதியில் பிப்பே என்ற ஊரில் 1769 முதல் இருந்துவரும் துபுய்சோன் குடும்பத்து ஆலையின் பீர். அந்தக் குடும்பப் பெயரில் புதர் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் இருக்கிறது, அதன் ஆங்கில வடிவம்தான் புஷ். அமெரிக்காவில் அதே ஓசையில் வேறொரு பெரிய பீர் நிறுவனம் இருப்பதால் அங்கே ஸ்கால்டிஸ் என்ற பெயரில் விற்கிறார்கள். 12 சதவீதத்தில் சூடு என்றால் என்ன என்று அது சந்தேகமறக் கற்றுத்தரும்.

மறுபக்கத்துக்கு ஓர்வால். நிறம் கிட்டத்தட்ட அதே ஆம்பர்தான், ஆல்கஹால் 6.2 சதவீதம்தான். துறவிகளின் மடத்து வளாகத்திலேயே காய்ச்சும் இந்த பீரில், பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் சேர்கிறது. மற்ற ஈஸ்ட்கள் தொடாமல் விட்ட சர்க்கரையையும் அது மாதக்கணக்கில் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே இனிப்பு அனேகமாக இல்லை. பத்து எண்ண வேண்டாம், இரண்டிலேயே வாய் காய்ந்து கசப்பு நிற்கும். வாங்கும்போது லேபிளில் பாட்டிலில் அடைத்த தேதி இருக்கும், பாருங்கள். இரண்டு மாதப் பாட்டிலில் ஹாப்ஸ் பூவின் மணம் முன்னால் நிற்கும். ஓராண்டுப் பாட்டிலில் அது அடங்கி, பழைய தோல்பையைத் திறந்ததுபோல் ஒரு வாடை வந்திருக்கும். கிடைத்தால் இரண்டு தேதியிலும் ஒவ்வொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.